திருத்தி எழுதிய புகார்

இன்னும் நாலு பேர். நாலு பேர் முடிந்தால் சாட்சி சொல்லத் தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று ஆறுமுகநயினார் மூன்றாவது தடவையாக எண்ணிப் பார்த்தார்; எண்ணும்போது நாலு ஐந்தாகிவிடாதா என்று மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டதைக் கவனித்தார், கவனித்ததும் அருவருப்பாக இருந்தது. அறுபத்தெட்டு வயது. நாற்பத்தைந்து வருடம் மில் வாசலில் நின்று கத்திக் கத்திக் காய்ப்பேறிய தொண்டை. அப்பேர்ப்பட்டவர் தொழிலாளர் நீதிமன்றத்து வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, நீதிபதிக்கு ஒரு தலைவலி வரக்கூடாதா, கம்பெனி வக்கீல் வாய்தா வாங்கக்கூடாதா, கரண்டு போய் இன்றைக்கு இவ்வளவுதான் என்று சொல்லிவிடக்கூடாதா என்று ஏங்குகிறார். பக்கத்தில் மாசானம் உட்கார்ந்திருந்தான். மூன்று வருடத்துக்கு முன்பு வரை நூற்பாலையில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தவன். ஷிப்ட் மேஸ்திரி தனபால் மீது பொய்ப் புகார் கொடுத்தான் என்று சொல்லி நீக்கப்பட்டவன். புகாரில் கையெழுத்து அவனுடையது. எழுதியவர் ஆறுமுகநயினார். காலையில் வக்கீலம்மா ஜெசிந்தா அவரைத் தனியாக மாடிப்படி ஓரம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னதும் அதைத்தான். "அண்ணாச்சி, நான் உங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறேன். மேஸ்திரி உதைச்சாருன்னு புகார்ல இருக்கு. உடம்புல ஒரு காயம் கெடையாது, பாத்த ஆள் கெடையாது. அதை வச்சித்தான் பொய்னு முடிச்சிருக்காங்க. 'ஆணவத்தின் உச்சமாக'ன்னு எல்லாம் மாசானத்துக்கு எழுதத் தெரியாது, அது உங்க நடை. அவரு உங்ககிட்ட வந்து முதமுதல்ல என்ன சொன்னாரு? அதை மட்டும் சொல்லுங்க. உள்ளது வெளிய வந்துட்டா கம்பெனி நடத்துன அந்த விசாரணை நிக்காது, அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும்." அவனிடமே கேட்கலாமே அம்மா என்றார் இவர். "கேட்டேன். உதைச்சாருன்னே சொல்றாரு." வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இருபது வருஷமா பொம்பளைங்க கேஸ் பாக்கேன் அண்ணாச்சி. உதை வாங்குனவன் கோவப்படுவான். அப்படித் தரையப் பாக்க மாட்டான்" என்றாள். அவள் கண்ணாடி இல்லாமல் தன்னைப் பார்த்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. தானும் அந்த நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோமோ என்று இரண்டு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

உள்ளே யாரோ ஒரு பஞ்சாலைக் கணக்கப்பிள்ளையின் விசாரணை இழுத்துக்கொண்டிருந்தது. பெயர் கூப்பிடுகிற டவாலி வெளியே வந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போனார். மாசானம், "டீ வாங்கியாரட்டா அண்ணாச்சி?" என்றான். வேண்டாம் என்றார். "வடை?" வேண்டாம். மூன்று வருடமாக இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதெல்லாம் இந்தத் தினுசுதான்: டீ, வடை, பஸ், வெயில், வாய்தா தேதி. அந்த ஒரு நாளுக்குப் பிறகு அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. எதிர் பெஞ்சில் ஒரு பஸ் கண்டக்டர், எட்டு வருடமாக வழக்கு நடத்துகிறவர், இந்த வராந்தாவில் யார் புதிதாக வந்தாலும் என்ன கேஸ் என்று கேட்டுத் தீர்ப்பும் சொல்லிவிடுகிற மனிதர், மாசானத்தைப் பார்த்து, "உமக்கு என்னவே கேசு?" என்றார். மேஸ்திரி உதைத்தார், புகார் கொடுத்தேன், வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்றான் அவன், மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "உதைச்சான்னா புகாரா எழுதுவாவ? கையி என்ன பாபின் பொறுக்கவா இருக்கு? திருப்பி ரெண்டு வச்சிருந்தா அங்கயே முடிஞ்சிருக்குமேய்யா. ஆம்பளதான நீரு?" வராந்தாவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வேலை போன ஆட்கள் பொழுது போவதற்காகச் சிரிக்கிற சிரிப்பு. மாசானமும் சிரித்தான். அவன் சிரித்ததை நயினார் பார்த்தார். எல்லாரையும் விட அரை நொடி முந்தியே அவன் சிரிப்பு வந்துவிட்டது, வாசலில் நாய் குரைக்கும் முன்பே கல்லைக் கையில் எடுத்துக்கொள்கிறவன் மாதிரி. அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரியும். முப்பத்தாறு வருடமாக அவர் முகத்திலும் அது தயாராக இருக்கிறது. யாராவது லாக்கப் என்று ஆரம்பித்தால் போதும், வந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன்பு மாசானம் வந்தது மத்தியானம் ரெண்டரை மணிக்கு, முதல் ஷிப்ட் விட்ட கையோடு. சங்க அலுவலகத்தில் அவர் மட்டும் இருந்தார். தலையில் பஞ்சு, காதுமடலில் பஞ்சு, பனியன் தோளில் கிழிந்திருந்தது. உட்காருப்பா என்றார். "நிக்கேன் அண்ணாச்சி" என்றான். எட்டு மணி நேரம் நின்றபடியே மிஷினில் சைடு ஓட்டிவிட்டு வருகிறவன் எவனும் நாற்காலியைக் கண்டால் நிற்க மாட்டான். இன்னொரு தடவை உட்காரச் சொன்னார். "இல்ல, நிக்கேன்." அந்த இரண்டாவது 'நிக்கேன்' காதில் விழுந்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, மேஸ்திரி, பாபின் குடோன், பின்னால் கதவு என்று ஒவ்வொன்றாக அவன் எடுத்து வைப்பதற்கு முன்பே, அவர் முதுகுத்தண்டுக்கு அது தெரிந்துவிட்டது. மூன்று வாக்கியம்தான் சொன்னான். குடோன்ல வச்சி. ரெண்டு மாசமா. சொன்னா பெர்மனென்ட் ஆக்க மாட்டேம்னாரு. மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லும்போது சுவரில் இருந்த சங்க நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னான். அப்போது ஆறுமுகநயினார் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து கதவைச் சாத்தி, அவன் தோளைத் தொட்டு, இல்லை, தொடாமல், பக்கத்தில் நின்று, என்னவாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து வெள்ளைத்தாள் எடுத்தார். நாற்பத்தைந்து வருடப் பழக்கம். தொழிலாளி வாய் திறந்தால் இவர் கை தாளைத் தேடும். பெறுநர், பொருள், ஐயா. கடந்த தேதியில் மேற்படி மேஸ்திரி ஆணவத்தின் உச்சமாக என்னை. அங்கே பேனா நின்றது. எவ்வளவு நேரம் நின்றது? தெருவில் ஒரு பால்காரன் மணி அடித்துக்கொண்டு வந்து, நின்று, போய்விட்டான். அப்புறம் பேனா நகர்ந்தது. காலால் எட்டி உதைத்தார். அவ்வளவுதான். நல்ல கையெழுத்து அவருக்கு, முத்து முத்தாக இருக்கும். தாளைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினார். மாசானம் படித்தான். இரண்டு தடவை படித்தான். "உதைச்சாருன்னா போட்ருக்கீக?" என்றான். "அது போதும்பா. மத்தது எதுக்கு? அடிச்சாலே அவன் வேலை போயிரும்" என்றார் இவர். அவன் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் முகத்தில் என்ன இருந்தது என்பதை மூன்று வருடமாகச் சொல்ல முயல்கிறார். ஏமாற்றமா, நிம்மதியா. ஏமாற்றம் என்று தெரிந்தால் தான் பாவி என்று முடிவு செய்துகொண்டு தூங்கிவிடலாம். நிம்மதி என்று தெரிந்தாலும் தூங்கிவிடலாம்.

உள்விசாரணை என்பது எப்படி நடக்கும் என்று இவருக்குத் தெரியாதா? நூறு விசாரணையில் தொழிலாளி பக்கம் துணைக்கு உட்கார்ந்தவர். புகாரில் எழுதியதைத்தான் பேசலாம்; எழுதாததைப் பேசினால் இது எங்கிருந்து முளைத்தது என்பார்கள். எத்தனை தொழிலாளிக்குச் சொல்லியிருப்பார்: முதல் தாள்தான்யா உன் உசுரு, அதுல தப்பா ஒரு வரி வந்தா அப்புறம் பிரம்மதேவன் வந்தாலும் திருத்த முடியாது. அப்படிச் சொல்லிக் கொடுத்தவர் முதல் தாளிலேயே பொய்யை எழுதி அவன் கழுத்தில் கட்டிவிட்டார். எந்தக் காலால் உதைத்தார் என்று கேட்டார்கள். வலது என்றான் மாசானம். எங்கே விழுந்தது என்றார்கள். இடுப்பில். எத்தனை உதை? அவன் நயினாரைப் பார்த்தான். தலைவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறான், சொல்லிக்கொடுத்த பொய் என்று குறித்துக்கொண்டார்கள். தனபால் அதே ஷிப்டில் இன்றைக்கும் இருக்கிறான். அவன் கைக்குக் கீழே இரண்டு புது ஆட்கள். அது தெரிந்தே இவர் தினமும் காலையில் பேப்பர் படிக்கிறார், தெரிந்தே சாப்பிடுகிறார்.

காரணமா இல்லை? எத்தனையோ காரணம் சொல்லிக்கொண்டாயிற்று. சங்கத் தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. எதிர்ச்சங்கத்துக்காரன் இதைக் கேள்விப்பட்டால் மாசானத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பான், அந்தப் பெயர் அவன் பேரன் காலம் வரை மில் சுவரில் கரிக்கோட்டில் இருக்கும். அவனுக்கு அப்போதுதான் கல்யாணமாகி நாலு மாதம். எல்லாம் சரியான காரணங்கள். துண்டறிக்கை போட்டால் நாலு பக்கம் வரும். ஆனால் அடியில் கிடந்தது இது ஒன்றும் இல்லை. இதைக் கோஷமாகப் போட முடியாது. ஆறுமுகநயினாருக்கு உலகமே கோஷமாகவும் துண்டறிக்கையாகவும்தான் தெரியும். அவர் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது, மிச்சப் படிப்பெல்லாம் மில் வாசலில் கொடுத்த நோட்டீசில் படித்தது. எட்டாம் பக்கம் வரை முதலாளித்துவம், எட்டாம் பக்கத்துக்கு மேல் வெற்றி நமதே. அதற்குள் அடங்காத ஒன்றைப் பார்த்தால் அவருக்கு அது நடக்கவே இல்லை போலத் தோன்றும். அன்றைக்கு மனதுக்குள் முயன்றுகூடப் பார்த்தார். நிர்வாகமே, நிர்வாகமே. அடுத்த வரிக்கு வார்த்தை இல்லை. பெண்ணுக்கு நடந்தால் மானபங்கம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, மேடையில் சொல்லலாம், கூட்டம் கொதிக்கும். ஆணுக்கு நடந்தால் இருக்கிற வார்த்தையெல்லாம் டீக்கடையில் ஒருத்தனை ஒருத்தன் திட்டுகிற வார்த்தை. செய்தவனைத் திட்டுகிற வார்த்தைகூட இல்லை, பட்டவனைத் திட்டுகிறது. எண்ணூறு பேர் மில் வாசலில் நின்று அதைக் கேட்டால் முதல் வரிசை சிரிக்கும். தன் சங்கத்துக்காரன், தான் வளர்த்தவன், சிரிப்பான். அதை அவர் பார்க்கத் துணியவில்லை.

புஷ்பத்துக்கு இப்படிச் செய்தாரா? நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை பார்த்த புஷ்பம். ஸ்பின்னிங் மாஸ்டர் கையைப் பிடித்து இழுத்தான் என்று அழுதுகொண்டு வந்தாள். இவர் என்ன முழங்கு முழங்கினார்! சொல்லும்மா, ஊர் கேக்கச் சொல்லும்மா, வெக்கப்பட வேண்டியவன் அவன், நீ இல்ல. வாயிற்கூட்டத்தில் அவளையே மேடையேற்றி மைக்கைக் கையில் கொடுத்தார். அவள் புடவை முந்தானை மைக் கம்பியில் சுற்றிக்கொண்டது, ஆனாலும் சொன்னாள், ஒன்று விடாமல் சொன்னாள். அதற்குப் பிறகு அவளை எத்தனை பேர் ஏளனம் செய்தார்கள், அவள் புருஷன் எத்தனை நாள் வீட்டுக்கு வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த விலையை அவள்தான் கொடுத்தாள், கைதட்டல் இவருக்கு வந்தது. பெண்களுக்கான புகார்க் குழுவின் பலகையை மில்லில் மாட்ட வைத்ததும் இவர்தான். அந்தப் பலகையின் கீழே நின்றுகொண்டுதான் மாசானம் தினமும் கார்டு அடித்தான். ஒருநாள், பல வருடம் கழித்து, புஷ்பம் சங்க அலுவலகத்துக்கு மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவள், லாக்கப்பில் இருந்ததைப் பற்றி இவர் எழுதிய பழைய புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒங்கள வெறுமன அடிக்க மட்டுந்தான் செஞ்சாவளா?" என்றாள். மிகச் சாதாரணமாகக் கேட்டாள், மழை வருமா என்று கேட்கிற மாதிரி. "அடிச்சது போதாதாக்கும்? இன்னும் ரெண்டு வாங்கியிருக்கணுமோ?" என்று இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டு, "அவசியம் வரணும்" என்று சொல்லிப் போனாள். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை.

அந்தப் புத்தகம். 'கொட்டடியில் பத்தொன்பது நாட்கள்.' முப்பத்திரண்டு பக்கம், அட்டையில் முறுக்கிய கை. அறுபத்திரண்டு நாள் வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் நாள் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று பதிப்பு வந்தது. வகுப்பு எடுக்கிற தோழர்கள் அதை வாசித்துக் காட்டுவார்கள். எத்தனை லத்தியடி என்று எண்ணிப் போட்டிருக்கிறார், தண்ணீர் தராததைப் போட்டிருக்கிறார், மூத்திரத்தைக் குடிக்கச் சொன்னதைப் போட்டிருக்கிறார், எதையும் மறைக்காத எழுத்து என்று எல்லாரும் சொன்னார்கள். பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி: ஆறாம் நாளிலிருந்து உட்காரவும் விடவில்லை, நின்றபடியே உண்டேன். அந்த வரியைத் தோழர்கள் சத்தமாக வாசிப்பார்கள், நின்றபடியே உண்டேன் என்னும்போது குரலை உயர்த்துவார்கள். உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உட்கார முடியவில்லை. ஆறாம் நாள். பகல்தான், மூன்றரை மணி. பின்புறம் இருந்த பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவது கேட்டது. ஏட்டும் இன்னும் இரண்டு பேரும். ஒருத்தன் தலையை முழங்காலுக்கு நடுவே அமுக்கிப் பிடித்துக்கொண்டான், அவன் காக்கியில் தலைக்குத் தேய்க்கிற அரப்பு வாடை அடித்தது. லத்தியை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவர் மனதுக்குள்கூட முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை. நினைவு அந்த இடம் வரை வரும், அரப்பு வாடையில் இடித்து நின்றுவிடும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் போய்விடும். ஏட்டு சொன்னது மட்டும் தெளிவாக இருக்கிறது. "இப்பப் போயிக் கோசம் போடுலே. ஒனக்குக் கீழ எவன் நிக்கான்னு பாப்பம்." நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான் அந்த ஏட்டு, எந்தத் துண்டறிக்கையும் படிக்காதவன். ஓர் ஆணை அடித்தால் தலைவனாகி வெளியே வருவான். இதைச் செய்தால் வெளியே வந்தும் வாயைத் திறக்க மாட்டான், அவன் வாயை அவனே பூட்டிக்கொள்வான், சாவியையும் அவனே விழுங்குவான், காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள்கூட வேண்டாம். வெளியே வந்த அன்று இரண்டாயிரம் பேர் மாலையோடு நின்றார்கள். தோளில் தூக்கினார்கள். தூக்கியபோது வலியில் கண்ணீர் வந்தது. பாருங்கள், தலைவர் அழுகிறார் என்று அவர்களும் அழுதார்கள்.

அன்று வீட்டில் மனைவி கோமதி வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம். முதுகு தேய்க்க வந்தவளை வெளியே போகச் சொன்னார். சத்தம் போட்டார் என்று கூடச் சொல்லலாம். அவள் அடுக்களையில் போய் நின்றுகொண்டாள். அப்புறம் பல மாதம் அவர் சுவர் ஓரம் முதுகைச் சுவரில் ஒட்டிப் படுத்தார். அவள் கை பட்டால் உடம்பு விறைக்கும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, அரிசி புடைத்துக்கொண்டே, முறத்தைப் பார்த்துக்கொண்டே, "என்மேல எதும் கொறையா?" என்றாள். இல்லை என்றார். அந்த இல்லைக்குப் பின்னால் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். பிள்ளை இல்லை. சங்கத்தின் பொன்விழாவில் ஒரு தோழர் மைக்கைப் பிடித்து, இயக்கத்துக்காகக் குழந்தைகூட வேண்டாம் என்று வாழ்ந்தவர் நம் அண்ணாச்சி என்றார். கைதட்டினார்கள். முன்வரிசையில் கோமதியும் கைதட்டினாள். அவரும் கும்பிட்டு ஏற்றுக்கொண்டார். ஆறு வருடம் ஆகிறது அவள் போய். தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டே போனாள். இதற்கு எந்த வர்க்கம் பொறுப்பு? எந்த நிர்வாகத்துக்கு எதிராக நோட்டீஸ் அடிப்பது?

இன்னும் ஒருத்தர். டவாலி உள்ளே போய்விட்டார். எப்போது மூன்று பேர் முடிந்தார்கள்? நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இல்லை, சொல்லத்தான் வேண்டும். சொல்வதற்கு என்ன, மூன்று வாக்கியம். மாசானம் என்னிடம் வந்து, மேஸ்திரி தன்னைக் குடோனில் வைத்து உடம்பளவில் கெடுத்ததாகச் சொன்னான். நான்தான் மாற்றி எழுதினேன். தப்பு என்னுடையது. கெடுத்ததாக என்ற வார்த்தை சரியா? பெண்ணுக்குச் சொல்கிற வார்த்தை ஆயிற்றே. வன்மம். வன்கொடுமை. பாலியல் என்று ஆரம்பிக்கலாம். பாலியல் என்று ஆரம்பித்தால் கம்பெனி வக்கீல் எழுந்திருப்பார். ஐயா, இவ்வளவு பெரிய விஷயத்தை நாற்பத்தைந்து வருட அனுபவமுள்ள தலைவர் எதற்காக மறைத்தார்? ஆமாம், எதற்காக? அதற்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பதிலைச் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு கேள்வி, அதற்குப் பின்னால் ஒன்று, ஒவ்வொரு படியாக இறங்கினால் அடியில் மூன்றரை மணி, பள்ளிக்கூடம் விட்ட சத்தம். அவன் கதையைச் சொல்லத் தொடங்கினால் தன் கதையில் போய்த்தான் நிற்கும். அப்போது அந்த முப்பத்திரண்டு பக்கமும்? இத்தனை நாள் அதை வாசித்து விறைத்து நின்ற பிள்ளைகள்? பயமாக இருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். குண்டாந்தடிக்குப் பயந்ததில்லை, அடியாளுக்குப் பயந்ததில்லை. முதல் வரிசை சிரிக்கும் என்று பயம். சிரிக்காமல் ஐயோ பாவம் என்று பார்த்துவிட்டால், அது இன்னும் பயம். மாசானத்தின் பக்கம் திரும்பினார். "மாசானம்." "என்ன அண்ணாச்சி?" "ஒண்ணுமில்ல. கையி ஏன் இப்படி வேர்க்கு ஒனக்கு?" "வெக்கை அண்ணாச்சி." ஆனி மாதத்துக் காற்று வராந்தாவில் காகிதங்களைப் பறக்கடித்துக்கொண்டிருந்தது. "நீ என்ன நெனைக்க? நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டேவிட்டார். மாசானம் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "பின்னால என் மச்சினன் வந்து நிக்கான் அண்ணாச்சி, பாத்தியளா? வேண்டாம்னேன். கேக்கல" என்றான். படிக்கட்டுப் பக்கம் நீலச் சட்டையில் ஒருவன் நின்றிருந்தான். அப்போது பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டு என்று சொல்வார்களே தவிர அது இடுப்பளவு மரத்தடுப்பு. சாமி பெயரில் சத்தியம் செய்ய மாட்டேன் என்றார், உளமாற என்று சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் நன்றாகத்தான் வந்தது. வக்கீலம்மா எழுந்தாள். சங்கத்தில் எத்தனை வருடம், புகார் எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டா, இந்தப் புகார் யார் எழுதியது. நான்தான். அப்புறம் அவள் மெதுவாக, அவரை மட்டும் பார்த்துக் கேட்டாள். அன்றைக்கு மாசானம் உங்களிடம் முதலில் என்ன சொன்னார்? ஆறுமுகநயினார் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து பழக்கப்பட்ட குரல் வந்தது. ஐயா, இந்த ஆலையில் தொழிலாளியை மனிதனாக மதிக்காத ஒரு நிலைமை, மேஸ்திரி என்கிற பெயரில் ஒரு கங்காணி முறை, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து. அவருக்கே அது யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. நல்ல பேச்சுத்தான், எங்கே இழுக்க வேண்டும் எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும். நீதிபதி பொறுமையாகப் பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, கேட்ட கேள்விக்கு மட்டும் சொல்லுங்க." வக்கீலம்மா மறுபடி கேட்டாள். என்ன சொன்னார்? பின்வரிசையில் மாசானம். அவனுக்குப் பின்னால் நீலச் சட்டை. மாசானம் இப்போது தரையைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் இமைக்காமல், உதடு லேசாகப் பிரிந்து. அந்த முகம் கெஞ்சியது. சொல் என்று கெஞ்சியதா, சொல்லாதே என்று கெஞ்சியதா, அதைப் படிக்கிற அளவுக்கு அவருக்கு நேரமில்லை, அல்லது நேரம் இருந்தும் தனக்குத் தேவையானதையே படித்துக்கொண்டார். "உதைச்சதாகச் சொன்னான்" என்றார். எங்கே? "இடுப்பில்." வேறு ஏதாவது சொன்னாரா? யோசித்துச் சொல்லுங்கள். "வேறு ஒன்றும் சொல்லவில்லை." நீதிபதி தட்டச்சு செய்கிற பெண்ணுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னார். சின்ன வாக்கியமாக இருந்தது. கம்பெனி வக்கீல் எழுந்து, குறுக்கு விசாரணை இல்லை என்றார், புன்னகையோடு உட்கார்ந்தார். வக்கீலம்மா காகிதக் கட்டை அடுக்கி நூல் சுற்றினாள். அவரைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். முத்து முத்தாக வந்தது.

வராந்தாவைத் தாண்டி, வேப்பமரத்துக்குக் கீழே சைக்கிள்கள் நிற்கிற இடம் வரை அவர் நிற்காமல் நடந்தார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. "அண்ணாச்சி." திரும்பினார். மாசானம் மூச்சு வாங்க நின்றான். மச்சினன் தூரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தான். "சொல்லிருவீகளோன்னு செத்துட்டேன் அண்ணாச்சி" என்றான் மாசானம். "அந்தம்மா அப்படிக் கேக்கவும், சரி, இன்னையோட எல்லாம் போச்சின்னு... வேல கெடக்கு அண்ணாச்சி, வேல போனாப் போவுது. கொத்தனாருக்குக் கையாளாப் போயிக்கூடப் பொழைச்சிக்கிடுவேன்." அவன் கண் கலங்கியிருந்தது. முகத்தில் நிம்மதி, இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமே இல்லாத நிம்மதி. பத்து மாதம் சுமந்த பிள்ளையை இறக்கிவைத்தவள்போல் கைகால் தளர்ந்து நின்றான். இப்போது சொல்லலாம். இங்கே நீதிபதி இல்லை, முதல் வரிசை இல்லை, ஒரு வேப்பமரமும் பத்து சைக்கிளும். எனக்கும் நடந்ததுப்பா. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு எழுத்துத் தேவையில்லை. முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, சொன்னால் சிரிக்காத ஒரு மனிதன் ஒரு முழத் தூரத்தில் நிற்கிறான். அவனுக்கும் இந்த வார்த்தை வேண்டியிருக்கும், சோற்றைவிட வேண்டியிருக்கும். நயினாரின் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. "வண்டில பாத்துப் போ. மச்சினன் வேகமா ஓட்டுவான் போலுக்கு" என்றார். மாசானம் தலையாட்டினான். பிறகு, இவர் எதிர்பார்க்காத நேரத்தில், பொத்தென்று குனிந்து அவர் காலைத் தொட்டான். தொட்டவன் எழுந்திருக்கவில்லை, நெற்றியை அவர் செருப்பின் மேல் வைத்தான், தோள் குலுங்கியது. சங்கத்தில் சேர்கிற ஒவ்வொருவனுக்கும் ஆறுமுகநயினார் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம், எவன் காலிலும் விழாதே என்பதுதான். விழுந்த கிழவர்களைக்கூடச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தித் திட்டியிருக்கிறார். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். எழுந்திரு என்று சொல்ல வேண்டும். குனிந்து தூக்க வேண்டும். தூக்கினால் அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டியிருக்கும், அவனும் இவர் முகத்தைப் பார்ப்பான். ஆறுமுகநயினார் நிமிர்ந்து, நேராக ரோட்டைப் பார்த்தபடி, அவன் தானாக எழுந்திருக்கும் வரை நின்றுகொண்டே இருந்தார்.